புலன் தடுமாறும் குழந்தைகள்: வீடும் ஊரும் செய்யக்கூடியவை

(பெரியபட்டினத்தில் கூடிய ஊராட்சி மன்ற உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இத்தகைய கூட்டங்களில் விதை, உரம், கண்மாய் மராமத்து, குடிநீர், சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். அவை யாவும் அவசியமானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினின்றும் சற்று மாறுபட்டது. அது ஒருவகைக் குழந்தைகளைப் பற்றியது. அடையாளங்களைச் சொன்னால் உங்களில் பலருக்கு உடனே யாரேனும் ஒரு குழந்தையின் முகம் நினைவுக்கு வரும்.

பெருநாளுக்கோ பொங்கலுக்கோ எடுத்த புதுச் சட்டையை மாட்டியவுடன், உடம்பில் நெருப்புப் பட்டதுபோல் அலறிக் கழற்றி எறியும் குழந்தை ஒன்று. மிக்சி ஓடும் ஓசை கேட்டதும் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கும் குழந்தை மற்றொன்று. சோறும் தயிரும் தவிர வேறெது நாவில் பட்டாலும் குமட்டும் குழந்தை, முடி வெட்டுவதற்கு நான்கு பேர் பிடிக்க வேண்டியிருக்கும் குழந்தை, இவையும் உண்டு. இதற்கு நேர்மாறாக, விழுந்து முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தாலும் அழாத குழந்தையைப் பார்த்திருப்பீர்கள். தூணைச் சுற்றிச் சுற்றி வந்தும் தலை சுற்றாமல், மீண்டும் சுற்றவே துடிக்கும் குழந்தையையும், கண்ட பொருளையெல்லாம் முகர்ந்தும் தடவியும் வாயில் வைத்தும் பார்க்கும் குழந்தையையும் பார்த்திருப்பீர்கள்.

ஊர் இவர்களுக்குச் சூட்டும் பெயர்கள் நமக்குத் தெரிந்தவையே. பிடிவாதம் என்பர், செல்லம் கொடுத்துக் கெட்டது என்பர், கண்ணேறு என்பர், காற்றுக் கருப்பு என்பர். பெயருக்கு ஏற்றவாறு மருந்தும் அமையும். சிலருக்கு அடி, சிலருக்குக் கயிறு, சிலருக்குத் திருஷ்டி கழிப்பு. தாயின் மீது பழி சுமத்துவது மட்டும் எல்லா வீடுகளுக்கும் பொது. இக்குழந்தைகளிடம் குற்றமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. புலன்கள் வழியே உலகம் இவர்களுக்குள் புகும் அளவு வேறாக இருக்கிறது. அதை அறிந்து இளம் வயதிலேயே தக்க பயிற்சி அளித்தால் அவர்களது வாழ்வு எளிதாகும். அப்பயிற்சியின் பெரும்பகுதியை இவ்வூரிலேயே, வீட்டு முற்றத்திலேயே அளிக்க முடியும். இதனைக் கூறவே வந்திருக்கிறோம்.

புலன்கள் எத்தனை என்று கேட்டால் ஐந்து என்று நம் சிறுவர்களும் சொல்வார்கள். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, புல்லுக்கும் மரத்துக்கும் உரிய முதல் அறிவாகத் தொடு உணர்வையே வைத்தது. கருவில் வளரும் குழந்தைக்கும் முதன்முதலில் அரும்புவது தொடு உணர்ச்சிதான் என்று இன்றைய மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இவ்வைந்துக்கு அப்பாலும் நம் உடலில் வேறு சில உணர்வுகள் வேலை செய்கின்றன. அவற்றுக்குப் பெயர் வைத்து நாம் பேசுவதில்லை. ஏனெனில் அவை செவ்வனே இயங்கும்வரை அவை இருப்பதே நமக்குத் தெரிவதில்லை.

அவற்றுள் ஒன்று சமநிலை உணர்வு. இதை இவ்வூர்க் கடல் தொழிலாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள்தாம் நமக்கு விளக்க வல்லவர்கள். காதின் உட்புறத்தில், கேட்கும் உறுப்பை அடுத்து, மிக நுண்ணிய மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை சாய்ந்தாலும் சுழன்றாலும் அத்திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. முதன்முதலாக வள்ளத்தில் ஏறுகிறவன் குனிந்து காலடிப் பலகையைப் பார்க்கிறான். பலகை அசையவில்லை என்று கண் சொல்கிறது. ஆடுகிறாய் என்று காது சொல்கிறது. இரு சாட்சிகளும் முரண்பட, மூளை திகைக்கிறது. வயிறு புரண்டு வாந்தி வருகிறது. அதே மனிதன் பலமுறை கடலுக்குப் போய் வந்தபின் அலையிலும் அசையாமல் நின்று வலை இழுக்கிறான். அவன் காதில் உள்ள திரவமும் மாறவில்லை, கடலும் மாறவில்லை. அவனது மூளை இரு சாட்சிகளையும் இணைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டது. பல நாள் கடலில் இருந்து கரையேறியவனுக்குத் தரையே ஆடுவதுபோல் தோன்றுவதும் இதனால்தான்.

இந்த ஓர் உதாரணத்தில் நாம் சொல்ல வந்த மருத்துவத்தின் அடிப்படை முழுவதும் அடங்கியிருக்கிறது. புலன்கள் தரும் செய்திகளை ஒன்றுசேர்ப்பது மூளையின் வேலை. அது பழக்கத்தால் வளரக்கூடியது. ஆனால் பழக்கம் படிப்படியாக வர வேண்டும். புயல் நாளில் முதற் பயணமாக ஒரு சிறுவனை வள்ளத்தில் ஏற்றும் தகப்பன் எவனும் இல்லை.

மற்றொன்று உடல் நிலை உணர்வு. இருட்டில் சாப்பிட்டாலும் கை நேராக வாய்க்குப் போகிறது. வைக்கோல் கட்டைத் தூக்குமுன் எவ்வளவு பலம் வேண்டும் என்று தோள் அறிந்திருக்கிறது. தசைகளிலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் இச்செய்தி மங்கலாக உள்ள குழந்தை பென்சிலை ஒடியும்படி அழுத்தும், நண்பனை அன்போடு தொடப்போய் இடித்துத் தள்ளும், சுவரில் மோதிக்கொள்ளும். பள்ளியில் முரடன் என்று பெயர் வாங்குகிறவர்களில் இத்தகையவர்களும் இருக்கக்கூடும். பசி, தாகம், சிறுநீர் வரும் உணர்வு ஆகிய உள்ளுணர்வுகளும் உண்டு; அவை மங்கிய குழந்தை வளர்ந்த பின்னும் உடையை நனைத்துக்கொண்டு அடி வாங்குகிறது.

விவசாயிகளுக்குப் புரியும்படி இன்னொரு விதமாகவும் சொல்லலாம். கண்மாயில் நீர் ஒன்றுதான். மடை முழுதும் திறந்துகிடந்தால் வயல் மூழ்குகிறது. மடை அடைத்துக்கொண்டால் வயல் காய்கிறது. ஒரே குழந்தையிடம் ஓசைக்கான மடை திறந்தும், வலிக்கான மடை அடைத்தும் இருக்கலாம். இன்றைக்குத் திறந்திருப்பது நாளைக்கு அடைத்திருக்கலாம். நேற்று ஒலிபெருக்கியைத் தாங்கிய பையன் இன்று ஏன் அழுகிறான் என்று கேட்டு அவனை நடிப்பதாகக் குற்றம் சாட்டுவது தவறு. உறக்கக் குறைவும் பசியும் கூட்டமும் சேர்ந்தால் மடையின் அளவு மாறிவிடுகிறது.

இதனை ஆராய்ந்து முதன்முதலில் ஒழுங்காக வகுத்தவர் ஜீன் அயர்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார். 1920-ல் கலிபோர்னியாவில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். கற்பதில் இடர்ப்படும் குழந்தைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1972-லும், பெற்றோர்களுக்கென எழுதிய நூல் 1979-லும் வெளிவந்தன. புலன்களை இசைவிக்கும் பயிற்சி என்று அவரது முறையைத் தமிழில் சொல்லலாம். ஊஞ்சல், சறுக்கு, உருளும் பந்து, கரடுமுரடான துணிகள், எடையுள்ள பொருள்கள் ஆகியவற்றைக்கொண்டு, விளையாட்டாகவே, குழந்தை தாங்கும் அளவறிந்து அளிக்கும் பயிற்சி இது. இதை அளிப்பவர் செயல்முறை மருத்துவர். மருத்துவமனைகளில் ஆக்குபேஷனல் தெரபி என்று சொல்லப்படுவது இத்துறையே. உடை உடுத்தல், உண்ணுதல், எழுதுதல் போன்ற அன்றாடச் செயல்களை ஒருவர் தாமே செய்துகொள்ளப் பழக்குவது இவர்களது தொழில்.

இந்தியாவில் இத்தொழிலுக்கு முதற்பள்ளியை 1950-ல் பம்பாயில் தொடங்கியவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக ஏற்றுக்கொண்டவர். விவசாயப் பெருமக்களுக்கு ஒரு செய்தி: மகாராஷ்டிரத்தில் பல்டன் என்னும் ஊரில் 1968-ல் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியவர் இவ்வம்மையாரின் மகன். தாய் மனிதரின் கைகால்களுக்குப் பயிற்சி கண்டார். மகன் பருத்தியும் ஆடும் வளர்க்க வழி கண்டார். நல்ல குடும்பம் என்று சொல்லி மேலே செல்வோம்.

இத்தகைய தடுமாற்றம் ஒரு தனி நோயா என்று நீங்கள் கேட்கலாம். இதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் வெளியிட்ட ஏட்டில், புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ இயங்குவது ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. கவனக் குறைவும் துறுதுறுப்பும் மிகுந்த குழந்தைகளிடமும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடமும் இது உண்டு. வேறெந்தக் குறையும் இல்லாத குழந்தையிடமும் ஓரளவு இருப்பதுண்டு. அத்தகைய குழந்தை அமைதியான வீட்டில், அறிந்து நடத்தும் பெற்றோரிடம், பெரிய இடையூறின்றி வளர்ந்துவிடும். இங்கே ஒரு வார்த்தை. நம் அரசு ஏடுகள் ஆட்டிசத்தைப் புற உலகச் சிந்தனையற்ற நிலை என்று எழுதிவருகின்றன. எமக்கு அப்பெயரில் உடன்பாடு இல்லை. புற உலகம் தாங்க முடியாத அளவில் உள்ளே புகுவதால் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தையைப் புற உலகம் அறியாதவன் என்று எப்படி அழைப்பது?

2012-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், புலன் தடுமாற்றத்தை மட்டும் தனி நோயாகப் பெயரிட வேண்டாம் என்றும், வேறு காரணங்களை முதலில் ஆராய வேண்டும் என்றும் தம் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. இது நமக்கும் பொருந்தும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். காதுகேளாமையைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் காதினுள் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை பெற வழி உண்டு. வயது ஆறைக் கடந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடுகிறது. ஒரு வயதாகியும் தன் பெயருக்குத் திரும்பாமை, ஒன்றரை வயதாகியும் வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, பேசிய சொற்களை இழந்துவிடுதல், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். எங்கள் வம்சத்தில் எல்லோரும் தாமதமாகத்தான் பேசினோம் என்று அப்பத்தா சொல்லும் சமாதானம் அன்பினால் வருவதே. ஆயினும் அச்சமாதானத்தில் இரண்டு ஆண்டுகள் ஓடிப்போவதைப் பார்க்கிறோம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இப்போது நகரங்களில் இப்பயிற்சிக்கெனத் தனியார் மையங்கள் பெருகியுள்ளன. வண்ண விளக்குகளும் விதவிதமான ஊஞ்சல்களும் உள்ள அறைகளைக் கண்டு பெற்றோர் மயங்குகின்றனர். ஆடு விற்று, நகையை அடகு வைத்து, மதுரையில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறும் எண்ணமும் சிலருக்கு எழுகிறது. அவ்வாறு செய்யுமுன் ஓர் ஆராய்ச்சியின் முடிவைக் கேளுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆட்டிசம் உள்ள 138 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இப்பயிற்சியையும் மறு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பையும் அளித்துப் பார்த்தனர். முடிவு 2022-ல் வெளியாயிற்று. குழந்தைகளின் எரிச்சலிலும் பதற்றத்திலும் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே குறித்துக்கொண்ட இலக்குகளில் பயிற்சி பெற்றவர்கள் முன்னேறியிருந்தனர்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? ஆட்டிசத்தையே போக்கிவிடுவோம், ஆறு மாதத்தில் குழந்தையை மாற்றிக் காட்டுவோம் என்று வாக்களிப்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். பள்ளிச் சீருடையைக் கழற்றாமல் மதியம்வரை இருக்க வேண்டும், முடி வெட்டும்போது அலறாமல் இருக்க வேண்டும், ஒரு காய்கறியாவது உண்ண வேண்டும் என்பது போன்ற சிறு இலக்கைக் குறித்து, அதற்கு வழி காட்டுபவரிடம் போங்கள். அத்தகைய இலக்கு எட்டப்பட்டதா இல்லையா என்பதைத் தாயே அறிவாள், அறிக்கை வேண்டியதில்லை.

மாடு வளர்ப்போருக்கு மிகவும் பழக்கமான ஓர் உண்மையிலிருந்து இத்துறைக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் 1947-ல் அமெரிக்காவில் பிறந்தவர், ஆட்டிசம் உள்ளவர். யாராவது அணைத்தால் அவருக்கு உடம்பு கூசும். ஆனால் அழுத்தம் வேண்டும் என்ற ஏக்கமும் இருந்தது. இளம் பருவத்தில் அரிசோனாவில் தம் உறவினர் ஒருவரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிடிக்கும் மரச் சட்டத்தைக் கண்டார். மிரண்ட மாடு அந்த அழுத்தத்தில் சிறிது நேரத்தில் அமைதியாவதைப் பார்த்து, தமக்கும் அதுபோல் ஒரு சட்டம் செய்துகொண்டார். அழுத்தத்தின் அளவைத் தாமே கூட்டவும் குறைக்கவும் முடிந்ததால் அவரது நடுக்கம் தணிந்தது. பின்னர் கால்நடை அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்று, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அவர் பண்ணையாளர்களுக்குச் சொன்னது இதைவிடவும் நமக்கு உபயோகமானது. மாடு நடைவழியில் நின்றுவிட்டால் அடிக்காதீர்கள். அது எதைக் கண்டு நின்றது என்று அதன் கண் உயரத்தில் குனிந்து பாருங்கள் என்றார். தொங்கி ஆடும் சங்கிலி, வேலியில் கிடக்கும் துணி, தேங்கிய நீரில் மின்னும் வெயில் இவற்றில் ஏதாவது இருக்கும். அதை எடுத்துவிட்டால் மாடு தானே நடக்கும். குழந்தைகளை மாட்டோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் வருந்த வேண்டாம். மாட்டுக்கு இவ்வளவு பரிவு காட்டத் தெரிந்த நமக்குக் குழந்தையிடம் அது ஏன் மறந்துபோகிறது என்பதே எம் கேள்வி.

இனி வீட்டில் செய்யக்கூடியவற்றுக்கு வருவோம். மெல்லத் தொடுவதைவிட அழுத்தித் தொடுவதைப் பெரும்பாலான இக்குழந்தைகள் எளிதில் ஏற்கின்றன. காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து, உள்ளங்கையால் நிதானமாக அழுத்தி நீவிக் குளிப்பாட்டும் நம் பழைய வழக்கம் இதற்கு ஏற்றது. புதுச் சட்டையைப் பலமுறை துவைத்து மென்மையாக்கிய பின் உடுத்துங்கள். கழுத்தில் தைத்திருக்கும் நிறுவனச் சீட்டை அறுத்துவிடுங்கள். இந்தச் சிறு சீட்டினால் எத்தனை வீடுகளில் காலை நேரம் போர்க்களமாகிறது என்பது வெளியார்க்குத் தெரியாது. பழைய புடவையில் கட்டிய தொட்டில் நாற்புறமும் உடலை அணைப்பதால், சிறு குழந்தைக்கு அது நல்ல புகலிடம். முன்னும் பின்னுமாக மெல்ல ஆடும் ஊஞ்சல் அமைதி தரும். வேகமாகச் சுழற்றுவது கிளர்ச்சி தரும். மந்தமான குழந்தைக்கு ஓரளவு கிளர்ச்சி தேவையாகவும் இருக்கலாம். வலிப்பு வரும் குழந்தையை மட்டும் மருத்துவரைக் கேளாமல் ஊஞ்சலில் சுழற்றக் கூடாது.

சுமப்பதும் தள்ளுவதும் இழுப்பதும் தசைகளுக்கு நல்ல செய்தி தரும் வேலைகள். பட்டணத்து மையங்களில் இதற்கென எடைப் பைகளை விலைக்கு வாங்குகிறார்கள். நம் வீட்டில் சிறு குடத்தில் நீர் கொண்டுவருவதும், மணலை வாளியில் அள்ளிக் கன்றுக்குழி நிரப்புவதும், சாக்கைப் பிடித்து இழுப்பதும், அப்பாவோடு வலைக் கயிறு இழுப்பதும் அதே வேலையைச் செய்யும். குழந்தையின் பலத்துக்கு ஏற்ப, விளையாட்டாக, பள்ளிக்குப் போகுமுன் சிறிது நேரம் செய்தால் வகுப்பில் அமர்வது எளிதாகலாம். எடை வைத்துத் தைத்த போர்வைகள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. தானே விலக்கிக்கொள்ளத் தெரியாத குழந்தையின்மேல் அதைப் போர்த்துவது ஆபத்து, மூச்சு முட்டும்.

உணவில் வற்புறுத்தல் கூடாது. புதிய பண்டத்தைத் தட்டின் ஓரத்தில் சிறிதளவு வைத்து, உண்ணச் சொல்லாமல் விட்டுவிடுங்கள். முதலில் பார்க்கட்டும், மற்றொரு நாள் தொடட்டும், பின்னொரு நாள் முகரட்டும். பல வாரங்கள் ஆகலாம். மிக்சி போடுமுன் சொல்லிவிட்டுப் போடுங்கள். வீட்டில் ஒரு மூலை அவனுக்கென இருக்கட்டும். அங்கே ஒளிந்தால் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டாம். அச்சம் தெளியும் என்று எண்ணி வெடிச் சத்தத்தின் அருகே நிறுத்துவதும், மணலில் கால் வைக்க அஞ்சும் குழந்தையைக் கடற்கரையில் இறக்கிவிட்டு அழவிடுவதும் பயிற்சி ஆகா. புயல் நாளில் வள்ளம் ஏற்றுவதற்கு அவை சமம்.

இங்கிருந்து கீழக்கரையைத் தாண்டினால் ஏர்வாடி. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியுமுன் அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் வயது வந்தவர்கள். அவர்களது நோய் வேறு. ஆயினும் புரியாத நடத்தையைக் கண்டால் கட்டிவைப்பது என்ற பழக்கம் ஒன்றுதான். சாலைக்கு ஓடிவிடுவான், கடலுக்குள் இறங்கிவிடுவான் என்று அஞ்சி, வேலைக்குப் போகும் தாய் தன் குழந்தையைக் கட்டில் காலில் துண்டால் கட்டிவிட்டுப் போவது கொடுமையினால் அன்று. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமையினால். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்துள்ளது. சட்டம் சங்கிலியை அவிழ்க்கும்; ஆள் கொடுக்காது. இறைவனிடம் வேண்டுதல் வைக்கும் பெற்றோரின் நம்பிக்கையில் நாம் தலையிடவில்லை. தர்காவுக்குப் போகட்டும், கோயிலுக்கும் மாதா சந்நிதிக்கும் போகட்டும். போன கையோடு மருத்துவரிடமும் போக வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

ஆள் கொடுப்பது எப்படி என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981-ல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் எஸ். இராமகிருஷ்ணன். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் சென்றிருந்தபோது நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் பெயராலேயே சங்கத்தை நிறுவினார். தசைச் சிதைவு நோயுள்ள கணக்காயர் சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். அச்சங்கம் கண்ட வழி எளியது: குழந்தை நகரத்துக்குப் போக முடியாவிட்டால் பயிற்சி கிராமத்துக்கு வர வேண்டும். கிராமத்துப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பழக்கி, வீடு வீடாக அனுப்புகிறார்கள். அவர்கள் குழந்தையின் நிலையைக் கையடக்கக் கணினியில் பதிவு செய்கிறார்கள். செயல்முறை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பு ஆசிரியரும் அதைப் பார்த்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று வழி காட்டுகிறார்கள். தாய்க்கே பயிற்சி கிடைக்கிறது. பணியாளர் போன பின்பும் பயிற்சி நிற்பதில்லை.

இதைக் கேட்கும்போது 1952 அக்டோபர் 2-ல் தொடங்கிய சமுதாய நலத் திட்டத்தின் கிராம சேவகர்கள் நம் நினைவுக்கு வருகின்றனர். வேளாண் நிபுணர் ஒருவர் எல்லா வயலுக்கும் போக முடியாது. நடவு முறையைக் கற்ற சேவகர் வரப்பில் நின்று காட்டினார். நிபுணர் குறைவாகவும் குழந்தைகள் அதிகமாகவும் உள்ள இத்துறையிலும் அம்முறையன்றி வேறு வழி இருப்பதாக எமக்குத் தோன்றவில்லை.

அரசு அமைப்புகளில் எவை நமக்கு எட்டும்? 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும்; குறை கண்டால் மாவட்ட அளவிலான தொடக்க நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். குழு வரும் நாளை முன்கூட்டி அறிந்து, அங்கன்வாடிக்கு வராமல் வீட்டில் மறைத்து வைக்கப்படும் குழந்தைகளையும் அன்று கொண்டுவரச் செய்வது வார்டு உறுப்பினரின் வேலையாக இருக்கட்டும். மறைத்து வைப்பது எந்த வீட்டில் என்று அவருக்குத்தான் தெரியும். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் உண்டு; தலைமையாசிரியர் வழியே அவர்களை அணுகலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது; சிக்கலான நிலையில் அங்கே ஒருமுறை சென்று வழி கேட்டு வந்து, பயிற்சியை வீட்டில் தொடரலாம்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்றிருக்கிறது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. புலன் தடுமாற்றம் மட்டும் என்றால் சான்றிதழ் கிடைக்காது. இதை முன்னரே அறிந்திருந்தால் வீண் அலைச்சல் மிச்சம். ஆட்டிசம் என்று உறுதியான குழந்தைக்கு அடையாள அட்டை பெற்ற பின், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேர்க்கலாம். அது ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பயிற்சிச் செலவின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். நம் பகுதியில் பலர் இதனைக் கேள்விப்பட்டதே இல்லை.

ஊராட்சி தன் அளவிலேயே செய்யக்கூடியவை சில. முதலாவது ஒலிபெருக்கி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்குத் தடை. பள்ளி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. இவ்விதி உள்ளதை நாம் யாவரும் அறிவோம். எல்லாச் சமயத்தவரும் ஒன்றுபோல் மறப்பதையும் அறிவோம். சந்தனக்கூடும் கொடையும் திருவிழாவும் நடைபெற வேண்டியவையே. கூம்புக் குழாயை அத்தகைய குழந்தை உள்ள வீட்டின் ஜன்னலுக்கு எதிரே கட்டாமல் வேறு தூணில் கட்டுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. விழாக் குழுவினரிடம் ஒரு சொல் போதும். வாணம் விடும் நேரத்தை முன்னாளிலேயே அறிவித்தால், அப்பெற்றோர் குழந்தையை உறவினர் வீட்டுக்குக் கொண்டுசெல்ல முடியும்.

இரண்டாவது விளையாட்டிடம். பூங்காவுக்குப் பணம் வரும்போது வர்ணச் சிலைகள் வைப்பதைவிட, உறுதியான இரண்டு ஊஞ்சல், நிழலில் ஒரு மணற்குழி, ஏறி இறங்க ஒரு திட்டு ஆகியவற்றை அமைப்பது மேல். கடற்கரை ஊரில் மணலுக்கா பஞ்சம்? அங்கன்வாடியின் தகரக் கூரைக்கு அடியில் பனையோலை வேய்ந்தால் வெப்பமும் மழை ஓசையும் ஒருங்கே குறையும். மூன்றாவது, கிராம சபை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும்போது இக்குழந்தைகளின் எண்ணிக்கையை, பெயரின்றி, எழுதிச் சேர்ப்பது. எழுதப்படாத தேவைக்கு எந்த அலுவலகமும் பணம் ஒதுக்குவதில்லை.

பகலில் இரண்டு மணி நேரம் இத்தகைய குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு திண்ணையும், பழக்கப்பட்ட ஒரு பெண்மணியும் கிடைத்தால், கட்டில் காலில் கட்டும் துண்டு அவிழும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் இங்கே வந்திருக்கிறார்கள். அதைப் பற்றி அவர்கள் கருத்து என்ன என்பதை முதலில் கேட்க விரும்புகிறோம். அதன்பின் தாய்மார்கள் தங்கள் சந்தேகங்களைக் கேட்கலாம். சபையில் கேட்கக் கூசுபவர்கள் கூட்டம் கலைந்த பின் பள்ளித் தாழ்வாரத்துக்கு வாருங்கள். குழந்தையையும் அழைத்து வரலாம், அவன் அழுதாலும் பரவாயில்லை. குடும்ப அட்டை, ஆதார் அட்டை, குழந்தையின் தடுப்பூசி அட்டை, முன்பு பார்த்த மருத்துவரின் சீட்டு ஆகியவை இருந்தால் கொண்டுவாருங்கள். சீட்டு தொலைந்திருந்தால் அதற்காக வராமல் இருந்துவிட வேண்டாம்.